பாக்கெட் இல்லாதவர்களுக்கு வாங்கிய கத்தி

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் என் கைப்பேசிக்கு மூன்று படங்கள் வந்தன. மூன்றும் சின்ன மடக்குக் கத்திகள். ஒன்றுக்குக் கறுப்புப் பிடி, ஒன்றுக்கு மரப்பிடி, மூன்றாவதற்குச் சிவப்பு. அனுப்பியவர் நித்யா. சூலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கும் இளம்பெண். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த அதே வேலை. படங்களுக்குக் கீழே எழுதியிருந்தார்:

"சார், எங்க மில்லுல ரிங் பிரேம் பொண்ணுங்களுக்கு டெய்லி கையோட வச்சுக்கற மாதிரி ஒரு கத்தி குடுக்கலாம்னு முடிவாயிருக்குங்க. இந்தப் பக்கத்துல இதை மொதல்ல பண்ணுனது நீங்கதான்னு சொன்னாங்க. இதுல எது நல்லதுன்னு மட்டும் சொன்னாப் போதுங்க சார்."

நான்கு நாட்கள் நான் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் கத்தியைப் பற்றிய வாக்கியம் ஒன்றில் தொடங்கி, கத்தியோடு சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் போய் நின்றேன். அந்த நான்கு நாட்களில் எனக்குள் எழுதி எழுதி அழித்ததை இப்போது வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு சிங்காநல்லூரைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகளில் கற்றது அதிகமில்லை. இட்லியின் கனம், கழிப்பறைத் தாழ்ப்பாள், பிள்ளைக் காப்பகத்தின் தொட்டில் கயிறு என்று மனிதர்களின் பெரிய துன்பங்கள் மிகச் சிறிய பொருட்களில் ஒளிந்திருக்கின்றன என்பதைக் கற்றேன். எதைச் செய்தாலும் அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கத்தையும் அப்போதுதான் ஏற்படுத்திக்கொண்டேன். அந்தத் தாள்களைப் பற்றி எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

ரிங் பிரேம் என்பது பஞ்சை முறுக்கி நூலாக்கும் நீண்ட இயந்திரம். அதன் இரு பக்கங்களிலும் நடந்துகொண்டே, அறுந்த நூலை விரலால் இணைத்துவிடுபவரைச் சைடர் என்போம். எங்கள் ஆலையில் சைடர்கள் எல்லோரும் பெண்கள். நூல் அறுந்த இடத்தில், பின்னால் வரும் பஞ்சு உருளையைச் சுற்றிக்கொண்டு உருண்டையாகப் பருக்கும். அதற்கு லேப்பிங் என்று பெயர். அதை உடனே வெட்டி எடுக்காவிட்டால் பக்கத்து நூல்களும் அறும். இயந்திரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும் என்று சுவரில் பலகை இருந்தது. ஆனால் நிறுத்தி மறுபடி ஓட்டினால் ஒரே நேரத்தில் எண்ணற்ற நூல்கள் அறும். மேஸ்திரியின் வாயும் திறக்கும். ஆகவே அந்தப் பலகையை எல்லோரும் படித்திருந்தார்கள், யாரும் பின்பற்றவில்லை.

வெட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது பாதி பிளேடு. சவரம் செய்யும் பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து வைத்துக்கொள்வார்கள். சிலர் தொப்பிக்குள் கொண்டையில் செருகியிருப்பார்கள், சிலர் இடுப்பில். இரண்டு கைகளும் வேலையாக இருக்கும்போது உதடுகளுக்கு நடுவே பிடித்துக்கொள்வதும் உண்டு. முதலுதவி அறையின் பதிவேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பிளேடு காயம்தான்.

ஈஸ்வரி என்ற சைடரிடம் ஒருமுறை ஏதோ விசாரிக்க நின்றேன். இருகூரிலிருந்து வருபவர், அப்போது முப்பது வயது இருக்கும். அவர் பிளேடை உதட்டில் வைத்தபடியே பதில் சொன்னார்.

"அதை வாயிலிருந்து எடுத்துட்டுப் பேசுங்க அம்மணி. பார்க்கவே பயமா இருக்கு" என்றேன்.

எடுத்தார். "இது வாயில இருந்தாத்தானுங்க சார் மேஸ்திரிகிட்ட மரியாதையாப் பேச்சு வருது. எடுத்துப்போட்டா வேற மாதிரி வந்துருமுங்க" என்றார். அடுத்த இயந்திரத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்று மாலைதான் மடக்குக் கத்தி யோசனையை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் மேலாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளரைக்கூட "ஏனுங்க" என்றே அழைப்பார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுக்கும் எதையும் அவர் திருத்த மாட்டார், அடிக்கவும் மாட்டார். கூராகச் சீவிய பென்சிலால், தனக்கு ஒப்பாத சொல்லின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். அவ்வளவுதான். தாள் திரும்பி வரும். புள்ளி வைத்த சொல்லை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக் கொண்டுபோக வேண்டும். புள்ளியே இல்லாமல் தாள் திரும்பி வந்தால் அது அனுமதி. கேன்டீன் பட்டியலில் "கேசரி" பக்கத்தில் ஒருமுறை புள்ளி வந்தது. காரணம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆலையில் பல ஆண்டுகளாகக் கேசரியே கிடையாது.

கத்தி பற்றிய என் குறிப்பு புள்ளி இல்லாமல் திரும்பி வந்தது. "நல்லதாப் பாருங்க. ஆனா உங்க பொறுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

பொறுப்பு என்ற சொல்லை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மூட்டைக்காரர்கள் சாக்கு கிழிக்க வைத்திருக்கும் வகை ஒன்றை வாங்கினேன். ஈரோட்டில் துணிக்கட்டு அவிழ்ப்பவர்கள் பயன்படுத்தும் வகை இரண்டு கிடைத்தன. மொத்தம் ஏழு கத்திகளை என் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதினேன்.

அந்தத் தாள்களில் இருந்ததெல்லாம் இன்றும் எனக்கு மனப்பாடம். அலகு ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் அது கருவியாக இருக்காது, ஆயுதமாகிவிடும். முனை கூராக இருக்கக் கூடாது, வளைந்து மழுங்கியிருக்க வேண்டும். குத்துகிற வேலை எதுவும் அங்கே இல்லை. விளிம்பு கூராக இருக்கலாம், ஆனால் சவர பிளேடின் கூர்மை வேண்டாம். மேல் உருளையின் ரப்பர் உறையைக் கீறிவிடும். விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டு இல்லாத கத்தி அழுத்தும்போது மடங்கி, பிடித்த விரலையே கடிக்கும். ஒரு கையால் விரிக்க முடிய வேண்டும், மற்றொரு கை நூலில் இருக்கும். ஈரோட்டுக் கத்திகள் இரண்டும் நல்ல இரும்பு. ஆனால் மூன்று நாள் ஆலைக்குள் வைத்திருந்தபோது பூட்டின் இடுக்கில் பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டு விரிக்கவே முடியவில்லை. மேட்டுப்பாளையக் கத்தியின் பிடி வெள்ளை. பஞ்சுக்குள் விழுந்தால் தேடி எடுக்க முடியாது.

கடைசியில் இரண்டு மிஞ்சின. அலகு, பூட்டு, எடை எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றுக்கு மரப்பிடி. மற்றொன்றுக்குச் சிவப்புப் பிடி, அதன் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை.

தேநீர் இடைவேளையில் சைடர்கள் நால்வரைக் கேன்டீனுக்கு அழைத்துக் கண்களை மூடிக்கொண்டு விரிக்கச் சொன்னேன். ஈஸ்வரியும் இருந்தார்.

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட இத்தனை பார்க்கமாட்டாங்க சார்" என்றார் ஒருவர்.

"சார் பார்த்துப் பார்த்துக் கட்டி வைக்கறாரு. அப்பறம் நாமதான குடும்பம் நடத்தோணும்" என்றார் ஈஸ்வரி. பிறகு சிவப்புக் கத்தியை மடக்கி, சேலைக்கு மேல் போட்டிருந்த ஓவர்கோட்டின் பக்கவாட்டில் தட்டிக் காட்டினார். "ஏனுங்க சார், பாக்கெட் கத்தி, பாக்கெட் கத்திங்கறீங்க. பாக்கெட் எங்கீங்க?"

அவருடைய ஓவர்கோட்டில் பாக்கெட் இருந்தது. ஆனால் வாய் தைக்கப்பட்டிருந்தது. எல்லோருடையதும் அப்படித்தான். கைப்பேசி உள்ளே வரக் கூடாது என்பதற்காக ஓர் ஆண்டுக்கு முன்பு தையற்காரரை ஆலைக்கே வரவழைத்து எல்லாப் பாக்கெட்டுகளையும் மூடியிருந்தார்கள்.

"இடுப்புல செருகுனா குனியறப்ப விழுந்துருமுங்க. நாங்க நாள் பூரா குனிஞ்சு நிமிர்ற ஆளுங்க" என்றார்.

அதைக் குறித்துக்கொண்டேன். ஓவர்கோட்டில் ஒரு பாக்கெட்டை மட்டும் திறந்து தர வேண்டும் என்று எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தது. "பாக்கெட்" என்ற சொல்லின் பக்கத்தில் புள்ளி.

வழக்கத்துக்கு மாறாக நேரில் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கெட்டைத் தொறந்தா போன் வந்துருமுங்களே? போன்ல பேசிட்டே மெசின்ல கையை வுட்டுட்டா, அந்தப் பொண்ணு ஊட்டுக்கு யாருங்க பதில் சொல்றது? நீங்க சொல்றீங்களா, நான் சொல்றனுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் கைகளைக் காப்பாற்றத்தான் நினைத்தார் என்பதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

சிவப்புக் கத்தியைத் தேர்ந்தெடுத்தேன். தாளில் நான் எழுதிய காரணம் இது: ஷிப்ட் முடிந்து போகும் பெண்கள் கத்தியோடு பேருந்தில் போகக் கூடாது, வாசலில் ஒரு பலகையில் ஆணி அடித்து, எண் போட்டு மாட்டிவிட்டுப் போக வேண்டும், மாட்டுவதற்குத் துளை வசதி. இரண்டு கத்திகளுக்கும் இடையே வேறு வேறுபாடு கிடையாது. துளைக்காகத்தான் சிவப்புக் கத்தி வந்தது.

முதல் ஐந்து மாதங்கள் என் பணிக்காலத்தின் மிக நல்ல மாதங்கள். முதலுதவிப் பதிவேட்டில் பிளேடு காயம் நின்றது. பெண்கள் வாயைத் திறந்து பேசினார்கள். மேஸ்திரி அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாகக்கூடக் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் பலகையில் சிவப்புக் கத்திகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்றே சில நாள் வேலை முடிந்தும் நின்றிருக்கிறேன்.

பிறகு ஓர் ஆணி காலியாக இருந்தது. ஈஸ்வரி அன்று எச்சரித்தபடியே, யாரோ ஒருவர் குனிந்தபோது இடுப்பிலிருந்து விழுந்திருக்கிறது. கழிவுப் பஞ்சைக் கூட்டி அள்ளி மூட்டையில் போட்டுவிட்டார்கள். அந்தக் கழிவுப் பஞ்சு மறுபடி முதல் இயந்திரத்துக்குப் போகும். அங்கே இரும்பு உள்ளே போனால் பொறி பறக்கும். பஞ்சாலையில் ஒரு பொறி என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மூட்டைகளையெல்லாம் பிரித்துத் தேடினோம். கிடைத்தது. அன்றே நான் ஒரு விதி எழுதினேன்: கத்தியைத் தொலைப்பவருக்கு மெமோ, மூன்று மெமோ சேர்ந்தால் ஒரு வாரம் வேலை கிடையாது. மேலாளர் அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. விளைவுகளை எடைபோட்டு எழுதிய விதி அது. தீ பிடித்தால் எத்தனை குடும்பங்கள் என்றெல்லாம் தாளில் எழுதியிருந்தேன்.

அடுத்த பத்து நாட்களில் இரண்டு மெமோ கொடுத்தேன். ஒன்று ஈஸ்வரிக்கு.

அதற்குப் பிறகு ஒரு கத்திகூடத் தொலையவில்லை. ஏன் என்று ஒரு வாரம் கழித்து, சுற்றி வரும்போது பார்த்தேன். ஈஸ்வரி கழிவு நூலை ஏழெட்டு இழையாகச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, கத்தியின் துளையில் கோத்திருந்தார். கயிற்றின் மறுமுனை ஒரு வளையம். வலது கையின் நடுவில் உள்ள இரண்டு விரல்களிலும் அந்த வளையத்தை மாட்டியிருந்தார். கத்தி உள்ளங்கைக்குக் கீழே தொங்கியது. வேண்டும்போது ஒரு சுண்டு சுண்டினால் கைக்கு வந்துவிடும்.

"இனி எப்படீங்க சார் தொலையும்? புருசன் தொலைஞ்சாலும் இது தொலையாதுங்க" என்று சுண்டிக் காட்டினார்.

நான் சொன்னது இதுதான்: "நல்ல யோசனைதானுங்க அம்மணி."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கேட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பகுதி முழுக்கக் கயிறு வந்துவிட்டது. அந்தக் கயிற்றுக்கு மட்டும் நான் தாள் எழுதவில்லை. ஓடும் உருளைக்குப் பக்கத்தில் விரலில் கட்டிய கயிறு என்ன செய்யும் என்று எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் தேர்ந்தெடுத்த கத்தி தொலையாமல் இருக்கிறது என்ற நிம்மதியில் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிற்பகல் ஒரு மணி இருக்கும். கேன்டீனில் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி ஓடி வந்தார். தன் இரண்டு விரல்களைப் பிடித்துக் காட்டினார்.

ஈஸ்வரி லேப்பிங்கை வெட்டிக்கொண்டிருந்தபோது கயிற்றின் தொங்கல் பஞ்சோடு சேர்ந்து உருளையில் சுற்றிக்கொண்டது. உருளை நிற்கவில்லை. ஒற்றை நூலாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். ஏழெட்டு இழை முறுக்கிய கயிறு அறவில்லை. இதற்கு மேல் விவரிக்க எனக்கு விருப்பமில்லை. நடு விரல்கள் இரண்டும் போயின. நான் அவரோடு ஆம்புலன்ஸில் போனேன். வழி நெடுக அவர் அழவில்லை. "கத்தி எங்கீங்க சார்? மெசின்ல இருக்குதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இன்னொரு மெமோ வருமோ என்று அவர் பயந்திருக்கிறார் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

விபத்து அறிக்கையை எழுத வேண்டியவன் நான். என் பணிக்காலத்திலேயே நான் எழுதிய மிக நேர்மையான தாள் அதுதான் என்று நினைத்து எழுதினேன். பாக்கெட் மூடியிருந்தது, கத்தி விழுந்தது, மெமோ கொடுத்தோம், துளையில் கயிறு கட்டினார்கள், அந்தக் கயிற்றை நான் பார்த்தேன் என்று ஒன்றன் பின் ஒன்றாக எழுதினேன்.

தாள் திரும்பி வந்தது. ஐந்து புள்ளிகள். "பாக்கெட்" பக்கத்தில் ஒன்று. "மெமோ" பக்கத்தில் ஒன்று. "துளை" பக்கத்தில் ஒன்று. "பார்த்தேன்" என்ற சொல்லின் பக்கத்தில் இரண்டு.

ஒரு சொல்லுக்கு இரண்டு புள்ளிகளை அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

மறுபடி எழுதினேன். இரண்டு புள்ளிகள் வந்தன. மறுபடி எழுதினேன். மூன்றாவது தாள் சுத்தமாகத் திரும்பி வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: பணியாளர் இயந்திரத்தை நிறுத்தாமல் லேப்பிங் எடுத்தார், அனுமதியின்றிக் கத்தியில் கயிறு கட்டி விரலில் மாட்டியிருந்தார், விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு விதத்தில் உண்மை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சொல்கூட மேலாளர் எழுதவில்லை. எல்லாச் சொற்களும் என் கையெழுத்து.

கட்டு பிரிக்காத கையோடு ஈஸ்வரி விசாரணைக்கு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. விரல் இல்லாமல் நூல் இணைக்க முடியாது. ஆகவே நூல் சுற்றும் பகுதியிலோ, காப்பகத்திலோ ஒரு மாற்று வேலை. கவனக்குறைவு என்று தீர்மானமானால் மாற்று வேலை கிடையாது என்பது ஆலையின் வழக்கம். மேலாளரின் அறையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம்.

"கயிறு கட்டச் சொல்லி யாருங்க சொன்னது?" என்று மேலாளர் கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க கட்டுனேன். ஆனா சார் பார்த்தாருங்க. நல்ல யோசனைன்னு சொன்னாருங்க" என்றார் ஈஸ்வரி. குற்றம் சாட்டும் குரல் இல்லை. தனக்கு உதவ எனக்கு ஒரு வாய்ப்புத் தருபவரைப்போலச் சொன்னார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?"

அறிக்கை மேசைமேல் இருந்தது. அடியில் என் கையெழுத்து. "பார்த்தேன்" என்று இப்போது சொன்னால் அறிக்கை பொய். அறிக்கை பொய் என்றால் என் வேலை போகும். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதாமலேயே ஒரு நொடியில் எடைபோட்டேன். "ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

ஈஸ்வரி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன். வழியில் தெரிந்தவர் என்று நினைத்து அழைத்து, வேறு ஆள் என்று தெரிந்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகு, "சரிங்க. வாரனுங்க" என்று எழுந்து போனார்.

சட்டப்படி வர வேண்டிய உதவித்தொகை அவருக்கு வந்தது. வேலை வரவில்லை. மேலாளர் விசாரணைக்கு முன்பே ஒரு பை நிறைய ஆரஞ்சோடு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போகும்போது என்னையும் அழைத்தார். நான் வேலை இருப்பதாகச் சொன்னேன்.

கத்திகளை எல்லாம் திரும்பப் பெற்றோம். பலகையைக் கழற்றினார்கள், ஆணித் துளைகள் சுவரில் தங்கின. ஒரு வாரத்தில் உதடுகளுக்கு நடுவே மறுபடி பாதி பிளேடு தெரிந்தது. தேநீர் நேரத்தில் ஒரு பெண், "அந்த ஈஸ்வரியக்கா சரியா இருந்திருந்தா நமக்குக் கத்தி இருந்திருக்கும்" என்று சொன்னதைக் கேட்டேன். அதை மறுக்கக்கூடிய ஒரே மனிதன் அந்தக் கேன்டீனில் நான்தான். சாம்பாரில் உப்புக் குறைவு என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் எந்தப் புது யோசனையும் எழுதவில்லை. மேலாளர் என்னை மிகவும் மதித்தார். வழியனுப்பு விழாவில், "இவரு எழுதுனா ஒரு புள்ளி வைக்க எடம் இருக்காதுங்க" என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பப் பெற்ற கத்திகளோடு ஈஸ்வரியின் கத்தியை நான் சேர்க்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு நாள் தவறாமல் என் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்து வந்திருக்கிறது. வேலையிலிருந்து ஒரு சாமானை எடுத்து வந்த குற்றத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு முறைகூடக் கீழே விழுந்ததில்லை. எனக்குப் பாக்கெட் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பள்ளி ஒன்றில் ஆயாவாக இருப்பதாகச் சொன்னார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"உள்ள இப்ப என்னங்க சார் குடுக்கறாங்க, லேப்பிங் எடுக்க?"

"பிளேடுதானுங்க."

"அட போங்க" என்றார். "கத்தி நல்ல கத்திங்க சார். தூசி அடைக்கல, கை கடிக்கல. நீங்க பார்த்துத்தான வாங்குனீங்க."

பிறகு பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னைக்கு ஞாபகம் இல்லைன்னீங்களே. நெசமாவே இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க அம்மணி" என்றேன்.

தலையசைத்தார். "நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. அதை அந்த ரூம்ல சொல்லியிருக்கோணும்ங்க." பேருந்து வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம்தான் நித்யாவுக்கு எழுதத் தெரியாமல் நான்கு நாட்கள் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். ஐந்தாம் நாள் காலையில் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: "கத்தி இருக்கட்டும்மா, முதலில் ஓவர்கோட்டில் பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்."

உடனே பதில் வந்தது. "கேட்டேன் சார். செல்போன் கொண்டு வந்துருவாங்கன்னு பாக்கெட்டே வைக்கறதில்லையாமுங்க. ஆனா பரவால்லீங்க சார். சிவப்புக் கத்தியில அடியில ஒரு ஓட்டை இருக்குது பாருங்க. அதுல கயிறு கோத்துக் கையில மாட்டிக்கறோம்னு பொண்ணுங்களே சொல்லிட்டாங்க. நல்ல யோசனைதானுங்களே சார்?"

அவரை அழைத்தேன். வேண்டாம், அந்தக் கத்தி வேண்டாம் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அறை, அறிக்கை, ஞாபகம் எல்லாம். அவருக்குப் பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"சார், இதை நீங்க திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார் கடைசியில். "உங்க பதில் வரலைன்னதும், உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு குறிப்பு எழுதி மேல வச்சுட்டனுங்க. நேத்து அந்தச் சிவப்புக் கத்தி வந்துருச்சுங்க சார். இன்னைக்கு ரெண்டாவது ஷிப்ட்ல குடுக்கறாங்க."